ரெஸ்ட் எடுத்துக்குங்க

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தெரிந்தவன் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டு லாரியில் ஏறியவன். கடைசியாக நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியது ஒரு விபத்தைப் பற்றிய போலீஸ் புகார். அதையும் படித்துவிட்டுத் தப்பு என்மேல்தான் என்று முடித்துவிட்டார்கள். சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும், கோயம்புத்தூர் போய் வந்தவன் நீதானே, நீயே எழுது என்று செயலாளர் சொல்லிவிட்டார். நம் மலேசிய லாரி ஓட்டுநர் சங்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என்னை அனுப்பிய கதை இதுதான். கோயம்புத்தூரில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் சங்கம் ஒன்று நம் சங்கத்துக்கு எழுதிக் கேட்டிருந்தது. ஒரே லாரியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் ஓட்டத்துக்கு நீங்கள் நல்ல ஒப்பந்தம் வாங்கியிருக்கிறீர்களாம், எங்கள் கூட்டத்தில் யாராவது வந்து அதைப் பற்றிப் பேச முடியுமா என்று. செயலாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த துணைத்தலைவர் இப்படி டீம் ஓட்டம் ஓட்டியதே இல்லை. தமிழும் தெரிந்து, தாய்லாந்து எல்லைவரை என் ஜோடி காசிமோடு டீம் ஓட்டமும் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். மேடை என்றால் எனக்கு ஆகாது. இத்தனை வருட ஆண்டுக் கூட்டங்களில் நான் எழுந்து நின்றது ஒரே ஒரு தடவை. அதுவும் மின்விசிறியைப் போட.

இன்னொன்று. நாம் லோரி என்போம், அங்கே லாரி என்கிறார்கள். நான் லோரி என்று சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள். அதனால் இதில் லாரி என்றே எழுதுகிறேன்.

முதல் நாள். விமான நிலையத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சங்கச் செயலாளர் மணி. முன்பு லாரி ஓட்டி, முதுகு போனதால் இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். மற்ற இருவர் பழனிசாமியும் ரெங்கராஜும். ஒரே லாரியில் டில்லிக்குப் போய் வருகிற ஜோடி. பழனிசாமிக்குத் தாராபுரம் பக்கம். ஒல்லியானவர், ஓயாமல் பேசுவார். ரெங்கராஜுக்கு உடுமலைப்பேட்டை. வீட்டில் தெலுங்கு, வெளியில் மௌனம். அங்கேயே, கார் நிறுத்துமிடத்தில், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் அதை எப்போது எடுக்கலாம் என்று தெரியாமல் பெரிய கம்பளிப் பூச்சி மாதிரி வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"டீ குடிக்கலாமுங்ணா" என்று கூட்டிப்போனார்கள். டீக்கடையைத் தேடினால் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பேக்கரிதான் இருக்கிறது. தேங்காய் பன், டீ, எல்லாம் நின்றுகொண்டே. நம் ஊர்த் தே தாரிக் டீ ஒரு குவளை இருந்தால் அவர்கள் கணக்கில் நாலு பேருக்குக் காணும். ஆனால் அந்தச் சின்னக் கிளாஸைக் கையில் கொடுப்பதற்குள் கடைக்காரர், "வாங்க", "சொல்லுங்க", "சர்க்கரை போதுங்களா", "சூடு போதுங்களா" என்று கேட்ட மரியாதையிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. எங்கள் கம்பெனி மேனேஜருக்கு என் பெயர் இன்றுவரை தெரியாது. லாரி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். இங்கே ஒரு நாய் குறுக்கே வந்தால்கூட "அக்கட்டால போங்க சாமி" என்கிறார்கள்.

நான் தங்கிய லாட்ஜ் போத்தனூரில். வரவேற்பில் இருந்தவரிடம் சுடுதண்ணீர் வருமா என்று கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றார் சிரித்த முகத்தோடு. அங்கிருந்த நாள் முழுக்க நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் மணி விஷயத்தைச் சொன்னார். பழனிசாமியின் கம்பெனி முதலாளி இனி வண்டிக்கு ஒரே டிரைவர் போதும் என்று யோசிக்கிறாராம். அவர் சொல்லும் காரணம் இது: ஒருத்தர் ஓட்டுகிறார், ஒருத்தர் பின்னால் படுத்துத் தூங்குகிறார், தூங்குகிறவருக்கு எதற்குச் சம்பளம்? இப்போதே ஓட்டிய தூரத்துக்குத்தான் கணக்கு. படுத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. ஜோடியை உடைத்தால் ரெங்கராஜ்தான் போகவேண்டும், மூத்தவர் அவர். அந்த வயதில் வேறு யாரும் வண்டி கொடுக்கமாட்டார்கள். பழனிசாமி தனியாக டில்லிவரை ஓட்டவேண்டும். கூட்டத்துக்கு முதலாளியையும் அழைத்திருக்கிறார்கள், முடிவை அங்கேயே சொல்வதாக இருக்கிறார்.

"முதலாளியையே சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்படலீன்னா தப்பா நெனச்சுக்குவாருங்களே" என்றார் மணி.

இரண்டாம் நாள் அவர்கள் லாரியிலேயே உடுமலைப்பேட்டைக்குப் போனேன், டில்லிக்குத் தேங்காய் ஏற்ற. பழனிசாமி ஓட்ட, நான் பக்கத்தில். ரெங்கராஜ் பின்னால் படுக்கையில். காசிமும் நானும் இப்படித்தான். பதினைந்து வருடம் ஒரே வண்டியில் ஓடினாலும் ஒருவர் முகத்தை ஒருவர் விழித்த நிலையில் அதிகம் பார்த்ததில்லை. நான் காசிமைக் குறட்டையை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன்.

"எங்களுக்கும் அப்புடித்தானுங்ணா" என்றார் பழனிசாமி. "எங்க ரெண்டு பேரு ஊட்டுலயும் சண்டை வருமுங்க. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதே இல்லீங்க. பேச நேரமிருந்தாத்தானுங்களே சண்டை வரும்!"

பின்னாலிருந்து ரெங்கராஜின் குரல் வந்தது. "நீ பேசறதுலதானப்பா நான் முழிச்சுக்கறேன்."

சரக்கு ஏற்றித் திரும்பும்போது விபரீதம் நடந்தது. வழியில் யாருக்கோ கல்யாணம். சாலைக்குக் குறுக்கே மூங்கிலில் வரவேற்பு வளைவு. அதன்மேல் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிற பெரிய பிளெக்ஸ். எங்கள் பாரத்தின்மேல் கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிறு வளைவில் மாட்டியது. பழனிசாமி பிரேக் போடுவதற்குள் மாப்பிள்ளை மட்டும் ஒரு மூங்கிலோடு கிழிந்து எங்களுடன் வந்துவிட்டார். பெண் அங்கேயே நின்றுவிட்டாள்.

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் பைக்கில் துரத்தி வந்தார். நம் ஊராக இருந்தால் வண்டிக் கண்ணாடி போயிருக்கும். அவர் வண்டியை நிறுத்தி, மூச்சு வாங்கி, "ஏனுங்க, எங்க மாப்பிள்ளைய எங்கீங்க கூட்டீட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. டில்லி வரைக்கும் போலாம்னு ஏறிட்டாராட்டங்க" என்றார் பழனிசாமி.

"முகூர்த்தம் முடிஞ்சு கூட்டீட்டுப் போங்க. இப்ப எறக்கி உடுங்க."

ரெங்கராஜ் படுக்கையிலிருந்து எழுந்து சத்தமில்லாமல் பாரத்தின்மேல் ஏறினார். மேலே அவர் கயிற்றை அவிழ்க்க, கீழே பழனிசாமி மூங்கிலைத் தாங்கிப் பிடிக்க, மாப்பிள்ளையைப் பத்திரமாக இறக்கினார்கள். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கல்யாணத்தை மாப்பிள்ளை இல்லாமல்தான் நடத்தியிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். பழனிசாமியின் இரண்டு கையிலும் மூங்கில். போனை ஒலிபெருக்கியில் போடும்படி என்னிடம் கண்ணைக் காட்டினார். போட்டேன்.

"ஏனுங்க பழனிசாமி, நல்லாருக்கறீங்களா? சாப்டீங்களா?" மிக மென்மையான குரல். "மலேசியாக்காரரு வந்துட்டாருங்களா? நல்லாக் கவனிச்சுக்கங்க. அப்பறம் நம்ம ரெங்கராஜு, பாவம், நெம்ப வருசமா ஓடிப்போட்டாருங்க. அடுத்த ட்ரிப்புலயிருந்து அவருக்கு ரெஸ்ட் குடுத்தரலாமுன்னு இருக்கறனுங்க. ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மவர்களுக்கு நினைவிருக்கும், நாம் வாங்கிய ஒப்பந்தத்தில் முதல் வரியே ரெஸ்ட்தான். ஓடிய நேரத்துக்கு ஏற்ற ரெஸ்ட்டை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும். அதற்காக நாம் கம்பெனி வாசலில் வெயிலில் நின்றோம், நம்மில் இருவர் மயங்கி விழுந்தார்கள். இந்த மனிதர் கோரிக்கை மனுவை வாங்குவதற்கு முன்பே ரெஸ்ட்டைக் கொடுக்கிறார்! அதுவும் சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு!

"தங்கமான முதலாளிங்க உங்களுக்கு" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாங்ணா" என்றார் பழனிசாமி. ரெங்கராஜ் மேலிருந்தபடியே கயிற்றை மறுபடி முடிந்துகொண்டிருந்தார். ஊர் திரும்பும்வரை பழனிசாமி ரேடியோவைப் போட்டுவிட்டு ஓட்டினார். ரெங்கராஜ் படுக்கைக்குப் போகவில்லை. கதவோரம் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரெங்கராஜ் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி சரோஜா பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலைக்குப் போகிறவர். அன்று எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கிய சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டே, முதலாளி ரெஸ்ட் கொடுத்துவிட்டார், இனிக் கவலை இல்லை என்று நானும் என் பங்குக்கு ஆறுதல் சொன்னேன். சரோஜா நெய்க் கிண்ணத்தை எடுத்தார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்தட்டுங்களாங்ணா?" என்றார்.

விருந்தாளி சொன்னதைத் தப்பு என்று சொல்லும் பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. எனக்கு அது அப்போது தெரியாது.

சாயங்காலம் பழனிசாமி காளான் வாங்கிக் கொடுத்தார். தள்ளுவண்டியில் சிவப்பாக வதக்கிச் சுடச்சுடத் தருகிறார்கள். பாதி தட்டு காலியானபின் இதில் காளான் எங்கே என்று தேடினேன். "முட்டைக்கோசுதானுங்ணா. பேருதான் காளானுங்க" என்றார். அதற்குள் காளான் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் காளான் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

நான்காம் நாள் கூட்டம். சின்னக் கல்யாண மண்டபம். வாசலில் என் படத்தோடு பேனர். ஆறுமுகம் என்ற என் பெயரை ஏழுமலை என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மணி, "தப்பாயிப்போச்சுங்ணா, முருகன்லயிருந்து பெருமாளாயிட்டீங்க" என்றார். மேடையில் எனக்குப் பக்கத்தில் முதலாளி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையைப் பிடித்தால் விடவே மாட்டேன் என்கிற அன்பு. "பிரயாணமெல்லாம் சௌகரியங்களா? எங்கூருத் தண்ணி ஒத்துக்குச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே அவருடைய கம்பெனி ஓட்டுநர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் ரெங்கராஜும் சரோஜாவும்.

என்னைப் பேச அழைத்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எழுதி வைத்திருந்த தாளில் ஒரு வரியும் கண்ணில் படவில்லை. மனசில் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"நான் படிக்காதவன். ஒரே ஒரு விஷயம் சொல்றேன். எங்க ஊர்ல முதலாளி ரெஸ்ட் குடுக்கணும்னு நாங்க வேலைநிறுத்தம் பண்ணித்தான் வாங்கினோம். உங்க முதலாளி கேட்காமலே குடுக்கிறாரு. ரெங்கராஜுக்கு ரெஸ்ட் குடுக்கிறேன்னு அவர் சொன்னதை நானே காதால கேட்டேன். இந்த மாதிரி முதலாளி கிடைக்க நீங்க புண்ணியம் பண்ணியிருக்கணும். வணக்கம்."

மண்டபத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்து, நிறுத்திக்கொண்டார். மேடையில் மட்டும் ஒரு கைத்தட்டல் நீளமாகக் கேட்டது. முதலாளிதான்.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நான் சொன்னா முதலாளி பேசறாருன்னு சொல்லுவீங்க. வெளிநாட்டு யூனியன்காரரே சொல்லிப்போட்டாருங்க. இனி நம்ம கம்பெனியிலயும் மலேசியா மாதிரியேதானுங்க. எல்லா வண்டியிலயும் ஒருத்தருக்கு ரெஸ்ட். ரெங்கராஜு அவிங்கள்ல இருந்து ஆரம்பிக்கறோமுங்க."

நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மணி என் காதோரம் குனிந்தார். "அண்ணா, ரெஸ்ட் எடுத்துக்கங்கன்னா ஊட்டுக்குப் போங்கன்னு அர்த்தமுங்க. வேலை இல்லீன்னு அர்த்தமுங்க."

"அப்போ நீங்க யாரும் எங்கிட்டச் சொல்லலையே?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க. எப்புடிங்க சொல்றது?"

"வேலை இல்லைன்னு நேரா சொல்லமாட்டாரா?"

"அதெப்புடிங்க சொல்லுவாரு? மரியாதை இல்லாத பேச்சுங்களே அது."

எங்கள் மேனேஜரின் முகம் நினைவுக்கு வந்தது. என்னை லாரி நம்பரால் கூப்பிடுகிற அந்த மனிதர்மேல் எனக்கு முதன்முறையாகப் பாசம் வந்தது. நான் விமானமேறி வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, நெய்யூற்றிச் சோறு போட்ட வீட்டுக்காரரின் வேலையை மைக்கில் பறித்துக் கொடுத்திருக்கிறேன். ரெங்கராஜைப் பார்க்க முடியாமல் மேடையில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சரோஜா எழுந்தார்.

"ஏனுங்ணா, மலேசியாக்காரண்ணா. ஒரு சந்தேகமுங்க. உங்கூருல ரெஸ்ட்ல இருக்கறவிங்களுக்குச் சம்பளம் உண்டுங்களா?"

நான் மறுபடி மைக்குக்குப் போகவேண்டியிருந்தது. இந்தத் தடவை தாளை எடுத்துப் போகவில்லை.

"உண்டும்மா. பின்னால படுத்துத் தூங்கினாலும் அது வேலைதான். சம்பளம் உண்டு. ரெஸ்ட் முடிஞ்சதும் அதே வண்டி, அதே ஜோடி. எழுத்துல காரணம் குடுக்காம யாரையும் வேலையை விட்டு எடுக்க முடியாது."

"அப்பச் சரிங்க." சரோஜா முதலாளி பக்கம் திரும்பினார். குரலில் ஒரு சூடும் இல்லை. "மலேசியா மாதிரியேன்னு நீங்க சொன்னத நாங்க எல்லாருமே கேட்டோமுங்க. அவருக்கு ரெஸ்ட் குடுங்க. சம்பளத்தோட குடுங்க. ரெஸ்ட் முடிஞ்சு பழனிசாமி தம்பியோட அனுப்பி வையுங்க."

முதலாளி சிரித்தார். "பாக்கலாமுங்க அம்மணி."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. எனக்கு லாட்ஜின் சுடுதண்ணீர் நினைவுக்கு வந்தது.

பழனிசாமி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க முதலாளி, ரெங்கராஜண்ணன் மட்டும் எதுக்குங்க ரெஸ்ட்ல இருக்கோணும்? நானும் நெம்ப வருசமா ஓடிப்போட்டனுங்க. நானும் எடுத்துக்கறனுங்க."

"உங்களுக்கு என்னங்க வயசாச்சு கண்ணு?" என்றார் முதலாளி.

"தனியா டில்லி போற வயசு தாண்டிப்போச்சுங்க."

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "எனக்கும் முதுகு வலியுங்க. ரெஸ்ட் எடுத்துக்கறனுங்க." பின்னால் இன்னொருவர். "எனக்குக் கண்ணு எரியுதுங்க." "எனக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா எடுத்துக்கறனுங்க." வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு கோஷம் இல்லை, கொடி இல்லை. நாம் வேலைநிறுத்தம் செய்தபோது தொண்டை கிழியக் கத்தினோம், போலீஸ் வந்தது. இவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உடல்நலம் சொல்லிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி ஒவ்வொருவருக்கும், "அப்படீங்களா", "உடம்பப் பாத்துக்கங்க" என்று பதில் சொன்னார். அவர் நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து இறங்கியது.

கடைசியில் அவர் மைக்கைத் திரும்பப் பிடித்தார். "சரீங்க. எல்லாரும் இருந்து சாப்டுட்டுத்தான் போகோணும். சாப்பாடு நம்ம செலவுங்க."

அதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் வரிசையாக இலையில் உட்கார்ந்தார்கள். முதலாளியே நெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு பந்தி விசாரித்தார். ரெங்கராஜ் இலைக்கு வந்ததும் நின்றார்.

"போதுங்களா ரெங்கராஜு?"

இத்தனை நாளில் ரெங்கராஜ் முதலாளியோடு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பத்தலீங்க" என்றார்.

மறுநாள் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகப் பழனிசாமி வருவதாக இருந்தது. வரவில்லை. போன் செய்தேன். "ரெஸ்ட்ல இருக்கறனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். ஆட்டோவில் போனேன். உள்ளே போவதற்கு முன் ரெங்கராஜ் போனில் கூப்பிட்டார். இருவரையுமே வண்டியேறச் சொல்லி முதலாளி காலையில் வீட்டுக்கே வந்துவிட்டுப் போனாராம். படுத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று சரோஜா கேட்டதற்குப் பாக்கலாமுங்க என்றாராம். இருவரும் ஏறவில்லை, டில்லி போகவேண்டிய தேங்காய் லாரி நின்ற இடத்திலேயே நின்றது. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.